விகன் 1, மான்செஸ்டர் சிட்டி 0: 2013 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

நாக்அவுட் போட்டியில் சின்ன அணி பெரிய அணியிடம் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கடற்கரை மைதானத்தில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். எல்லாரையும் பின்னால் இறக்கு, பந்து கிடைத்தால் கண்காணாத தூரத்துக்கு அடி, ஷூட்அவுட் வரை இழு, அப்புறம் மாதா விட்ட வழி. இந்தப் பதிலை நம்பி எங்கள் பக்கத்து அணிகள் தோற்ற அரையிறுதிகள் கொஞ்சநஞ்சமல்ல. இந்த மீன்பிடித் தடைக்காலத்துக் கோப்பைக்கு முன்னால் எங்கள் அணிப் பையன்களோடு உட்கார்ந்து பேச, அந்தப் பதிலுக்கு நேர் எதிராகப் போய் ஜெயித்த ஓர் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன். 2013 மே 11, லண்டன் வெம்பிளி மைதானம். விகன் அத்லெடிக் 1, மான்செஸ்டர் சிட்டி 0.

நம் நாட்டிலேயே உதாரணம் இல்லையா என்றால், இருக்கிறது. ஃபெடரேஷன் கோப்பை 1977இல் தொடங்கியபோது முதல் இறுதி ஆட்டத்தில் பெங்களூரு ஐ.டி.ஐ. என்ற தொழிற்சாலை அணி, மோகன் பகானை இதே 1-0 கணக்கில்தான் வீழ்த்தியது. ஆனால் அந்த ஆட்டத்தை நிமிடம் நிமிடமாக நிறுத்திப் பார்க்க எங்கள் கையில் வீடியோ இல்லை. விகன் ஆட்டத்தை செல்போனில் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பேசலாம். காரணம் அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை 1871-72இல் தொடங்கியது. முதல் டிவிஷனான பிரீமியர் லீக் அணியும் ஊர்ப்புற அணியும் ஒரே போட்டிக்குள் வரும். ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுக் குலுக்கல், தோற்றால் வீட்டுக்கு. நம் நாக்அவுட் கோப்பைகளின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் யார்

சிட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் இதே கோப்பை, 2012இல் லீக் பட்டம். 2013 மே மாதம் லீக்கில் இரண்டாம் இடம். அரையிறுதியில் செல்சியை 2-1 என்று வென்று வந்தார்கள். முன்வரிசையில் அகுவேரோ, டெவெஸ், சில்வா, நஸ்ரி. அவர்களுக்குப் பின்னால் யாயா தூரே.

விகன் வேறு கதை. ரக்பி ஆடும் ஊர் என்றுதான் அதற்குப் பெயர். லீக் கால்பந்துக்குள் அந்த கிளப் வந்ததே 1978இல்தான். 1995இல் டேவ் வீலன் அதை வாங்கியபோது நான்காம் டிவிஷனில் கிடந்தது. 2005இல் பிரீமியர் லீக் ஏறியது. இந்த வீலனும் ஒரு காலத்து ஆட்டக்காரர். 1960 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் பிளாக்பர்ன் அணிக்கு ஆடி, ஆட்டத்தின் நடுவிலேயே கால் முறிந்து வெளியே தூக்கிச் செல்லப்பட்டவர். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம் அது. மீதி நேரம் பத்துப் பேரோடு ஆடிய பிளாக்பர்ன், வுல்வ்ஸ் அணியிடம் 0-3 என்று தோற்றது. 53 வருடம் கழித்து வெம்பிளியில் தன் அணியை முன்னால் நடத்திக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த சீசனில் விகன் 38 லீக் ஆட்டங்களில் 73 கோல் வாங்கிய அணி. இறுதி ஆட்டத்துக்கு நாலு நாள் முன்பு, மே 7இல், சொந்த மைதானத்தில் ஸ்வான்ஸியிடம் 2-3 என்று தோற்று, கீழ் டிவிஷனுக்கு இறங்கும் மூன்று இடங்களில் ஒன்றில் நின்றது. பின்வரிசையில் பலர் காயம். நடுக்களத்தில் ஆடும் ரோஜர் எஸ்பினோசாவை இடது பக்கப் பின்வரிசையில் நிறுத்த வேண்டிய நிலைமை. கோல் கீப்பர் ஜோயல் ரோப்லெஸ், அத்லெடிகோ மாட்ரிட்டிலிருந்து இரவலாக வந்தவர்.

இவ்வளவு ஓட்டை உள்ள அணி கோப்பையில் மட்டும் எப்படி இறுதி வரை வந்தது? காலிறுதியைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். எவர்டனை அதன் சொந்த மைதானத்தில் 3-0 என்று வென்றார்கள். மூன்று கோலும் நான்கு நிமிடத்துக்குள் விழுந்தன. அரையிறுதியில் மில்வாலை 2-0. சந்து பார்த்து ஒளிந்து வந்த அணி இல்லை. பயிற்சியாளர் ராபர்ட்டோ மார்ட்டினெஸ் லீக்கில் எப்படி ஆடினாரோ கோப்பையிலும் அப்படியே ஆடினார்: பந்தைத் தரையில் வைத்து, பக்கவாட்டை விரித்து, கோல் வாங்கினாலும் பரவாயில்லை என்று. 38 ஆட்டங்களில் அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். ஆறேழு ஆட்டங்களில் அதுவே லாபமாகவும் முடியலாம்.

தேதி செய்த வேலை

இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வருடம் மே 25இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டமும் வெம்பிளியில். அதற்காக மைதானத்தை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டியிருந்ததால், வழக்கமாக லீக் முடிந்த பிறகு வரும் கோப்பை இறுதி, லீக் முடியும் முன்பே வந்துவிட்டது. விகனுக்கு இன்னும் இரண்டு லீக் ஆட்டங்கள் பாக்கி. வெம்பிளிக்குள் நுழைந்தபோது அவர்கள் கீழே இறங்கிவிட்ட அணி இல்லை, இறங்கக்கூடிய அணி. ஒரு வாரம் தள்ளி நடந்திருந்தால் தலை தொங்கிய பதினோரு பேர் வந்திருப்பார்கள்.

நாட்காட்டி ஓர் ஆட்டத்தை எப்படி ஆட்டி வைக்கும் என்று நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விசைப்படகுத் தடைக்காலம் அப்போது ஏப்ரல் 15இலிருந்து 45 நாள். இப்போது ஜூன் 14 வரை 61 நாள். பெரிய கோப்பைகளை அதற்குள் வைத்தால்தான் படகில் போகிற பையன்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் கடலுக்குப் போகிற நாள் எது என்று பார்த்துத்தான் அணியே எழுத முடியும்.

அன்றைக்கு ஆட்டம் லண்டன் நேரம் மாலை 5.15க்கு. நமக்கு இரவு 9.45. தடைக்காலம் என்பதால் தங்கச்சிமடத்தில் விடியற்காலை எழ வேண்டிய கவலை பலருக்கு இல்லை, டி.வி. முன்னால் கூட்டம் நன்றாகவே இருந்தது. அதில் முக்கால்வாசி சிட்டி எத்தனை கோல் போடும் என்று எண்ண வந்த கூட்டம்.

மெக்மனமன் நின்ற இடம்

இந்த ஆட்டத்தில் பயிற்சியாளர்கள் பார்க்க வேண்டிய ஆள் கோல் போட்டவர் இல்லை. கேலம் மெக்மனமன், 22 வயது, விங்கில் ஆடியவர். ஆட்டநாயகன் விருதும் அவருக்குத்தான் போனது.

சிட்டியின் ஆட்ட முறையில் ஒரு பழக்கம் உண்டு. சில்வாவும் நஸ்ரியும் பெயருக்குத்தான் பக்கவாட்டு ஆட்கள். பந்து வந்ததும் உள்ளே, நடுவுக்கு வந்துவிடுவார்கள். அப்போது பக்கவாட்டு அகலத்தைக் கொடுக்க வேண்டியது பின்வரிசை ஆட்கள், வலப்பக்கம் சபலேட்டாவும் இடப்பக்கம் கிளிஷியும். அவர்கள் மேலே ஏறிப் போனால் முதுகுக்குப் பின்னால் நிலம் காலி. பலம் குறைந்த எதிரணிகள் அந்தக் காலி நிலத்தைப் பயன்படுத்தாமல் விட்டதற்குக் காரணம், தங்கள் விங்கரையும் பின்னால் இழுத்துக் காவலுக்கு வைத்துக்கொண்டதுதான். மார்ட்டினெஸ் இழுக்கவில்லை. மெக்மனமன் மேலேயே நின்றார். பந்து பிடிபட்டதும் நேராக அவருக்குப் போனது. முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே உள்ளே வெட்டி அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. அதற்கப்புறம் சிட்டி பின்வரிசை மேலே ஏறும்போதெல்லாம் ஒரு கண் பின்னால் வைத்தே ஏறியது. விகனின் நிஜமான தற்காப்பு அதுதான் என்பது என் கருத்து. பாதுகாக்க ஆள் குறைவு. அதனால் எதிரியை ஏற விடாமல் செய்தார்கள்.

சிட்டிக்கு வாய்ப்பே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. முதல் பாதியில் டெவெஸ் மிகக் கிட்டத்தில் அடித்த பந்தை ரோப்லெஸ் காலால் தடுத்தார். அது உள்ளே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

சிட்டி தரப்பில் என்ன நடந்தது? காலையிலேயே பத்திரிகைகளில் செய்தி: பயிற்சியாளர் மான்சினியை எடுத்துவிட்டு மனுவேல் பெல்லெக்ரினியைக் கொண்டுவரப் போகிறார்கள். ஆட்டம் முடிந்ததும், இந்தச் செய்தியை கிளப் மறுக்கவில்லை என்று மான்சினி வெளிப்படையாகவே குறைப்பட்டார். கோல் கீப்பர் விஷயத்திலும் ஒரு குழப்பம். முந்தைய சுற்றுகளில் ஆடிய பாண்டிலிமோனை விட்டுவிட்டு ஹார்ட்டை இறக்கினார். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது மாற்றங்கள். 54வது நிமிடத்தில் நஸ்ரிக்குப் பதில் மில்னர், 69இல் டெவெஸுக்குப் பதில் ஜாக் ராட்வெல். ஆட்டம் 0-0. ஜெயிக்க வேண்டிய பெரிய அணி ஒரு ஃபார்வர்டை எடுத்துவிட்டு நடுக்கள ஆளை இறக்குகிறது. எதற்கு? மெக்மனமன் பக்கம் ஓட்டை அடைக்க. யார் யாருக்கு ஏற்ப ஆடுகிறார்கள் என்பது அந்த நேரத்தில் மாறிவிட்டது.

84வது நிமிடம்

மெக்மனமன் மறுபடி பந்தோடு கிளம்புகிறார், சபலேட்டா பின்னாலிருந்து விழுத்துகிறார். இரண்டாவது மஞ்சள் அட்டை, அப்புறம் சிவப்பு. எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்களின் வரலாற்றில் வெளியேற்றப்பட்ட மூன்றாவது ஆள் அவர். முன்பு 1985இல் கெவின் மோரன், 2005இல் ஹோசே அன்டோனியோ ரேயஸ்.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பையன்களிடம் கேட்டேன்: நீங்கள்தான் மார்ட்டினெஸ். பதினோரு பேருக்கு எதிராகப் பத்துப் பேர். ஆட்டம் டிராவானால் முப்பது நிமிட எக்ஸ்ட்ரா டைம். எதிரி களைத்துப் போவான். காத்திருப்பீர்களா, இப்போதே போவீர்களா?

பாதிப் பேர் காத்திருக்கச் சொன்னார்கள். "அண்ணே, பத்துப் பேரு அரை மணி நேரம் ஓடுனா நாக்குத் தள்ளிடும். நாம ஏன் அவசரப்படணும்?" என்றான் எங்கள் நடுக்களத்துப் பையன். தப்பான கணக்கு இல்லை. ஆனால் விகனுக்கு செவ்வாய்க்கிழமை லண்டனிலேயே ஆர்சனலோடு வாழ்வா சாவா ஆட்டம் ஒன்று காத்திருந்தது. எக்ஸ்ட்ரா டைம் அவர்கள் காலையும்தான் தின்னும். போதாததற்கு, சிட்டி அந்தச் சில நிமிடங்கள் கலைந்து கிடந்தது. எக்ஸ்ட்ரா டைமுக்கு முன் இடைவேளை கிடைத்தால் மான்சினி அணியைத் திரும்ப அடுக்கிவிடுவார். கலைந்திருக்கும்போது அடிப்பதா, அடுக்கிய பிறகு அடிப்பதா என்பதுதான் கேள்வி.

சிவப்பு அட்டைக்கு மூன்று நிமிடம் முன்பே, 81இல், மார்ட்டினெஸ் ஹோர்டி கோமஸை எடுத்துவிட்டு பென் வாட்சனை இறக்கியிருந்தார். வாட்சன் 2012 நவம்பரில் லிவர்பூல் ஆட்டத்தில் கால் முறிந்து, சீசன் முடிகிற நேரத்தில்தான் திரும்பி வந்தவர். முழு ஆட்டத்துக்குத் தாங்க மாட்டார் என்று உட்கார வைத்திருந்ததுதான், கடைசிப் பத்து நிமிடத்துக்குப் புதுக் கால்களாக மாறியது.

கார்னர்

90 தாண்டி முதல் நிமிடம். விகனின் மலோனி கார்னர் எடுக்கிறார். பந்து கிட்டத்துக் கம்பத்தை நோக்கி, தலை உயரத்தில், வேகமாக வருகிறது. வாட்சன் பெனால்டி பெட்டிக்குள் பின்னாலிருந்து ஓடி வந்து ராட்வெலுக்கு முன்னால் குதிக்கிறார். தலையில் லேசாகப் பட்ட பந்து ஹார்ட்டின் தலைக்கு மேல் வளைந்து வலைக்குள்.

"பத்துப் பேருதானே, அதான் ஆள் விட்டுப்போச்சு" என்றான் ஒருவன். இந்தப் பேச்சை நான் விட மாட்டேன். கார்னரைத் தடுக்கும்போது பத்துப் பேரும் பின்னால் வந்துவிடலாம். தாக்குகிற அணிதான் எதிர்த்தாக்குதலுக்கு பயந்து இரண்டு மூன்று பேரைப் பின்னால் விட்டுவைக்கும். அதனால் பெட்டிக்குள் ஆள் எண்ணிக்கையில் சிட்டிக்குக் குறைவே இல்லை. வாட்சன் பக்கத்தில் ராட்வெல் இருந்தார். பிரச்சினை ஒரே ஒரு எட்டு. வாட்சன் ஓட ஆரம்பித்த பிறகுதான் ராட்வெல் ஓட ஆரம்பித்தார். ஓடி வந்து குதிக்கிறவனும் நின்ற இடத்திலிருந்து குதிக்கிறவனும் ஒரே உயரம் போக மாட்டார்கள். வாட்சன் நெட்டையர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, கிட்டத்துக் கம்பத்துக்கு வரும் கார்னரில் கோல் கீப்பர் மாட்டிக்கொள்வார். வெளியே வந்து பிடிக்க நேரமில்லை. கோட்டிலேயே நின்றால், தலையில் பட்டுத் திசை மாறிய பந்து எங்கே போகும் என்று கணிக்க முடியாது. ஹார்ட்டைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாமா? கோல் விழுந்த நிமிடத்தை வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் எண்பது நிமிடம் ஒரு பக்கத்தையே குத்திக்கொண்டிருந்ததால் சபலேட்டா வெளியே போனார். கிடைத்த ஆள் பலத்தைப் பதுக்காமல் உடனே முன்னால் செலவு செய்ததால் கார்னர் வந்தது. 1988இல் விம்பிள்டன் லிவர்பூலை வென்றது வேறு ரகம். 37வது நிமிடத்தில் சான்செஸின் தலையால் ஒரு கோல், பிறகு ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை கோல் கீப்பர் பீசன்ட் தடுத்தார், மிச்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டையும் ஒரே மாதிரி 'சின்ன அணி சாதித்தது' என்று எழுதுகிறவர்கள் ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்று நாள் கழித்து

மே 13இல் சிட்டி மான்சினியை நீக்கியது. லீக் பட்டம் வாங்கிக்கொடுத்து அன்றோடு சரியாக ஒரு வருடம். மே 14இல் ஆர்சனல் 4, விகன் 1. இடைவேளையில் 1-1 என்றுதான் இருந்தது, மலோனி ஃப்ரீ கிக்கில் சமன் செய்திருந்தார். 63இலிருந்து 71 வரை எட்டு நிமிடத்தில் மூன்று கோல் வாங்கினார்கள். ஒரு வாரத்தில் மூன்று பெரிய ஆட்டம் ஆடிய கால்கள் நின்றுபோனது திரையிலேயே தெரிந்தது. கோப்பையும் வாங்கி அதே சீசனில் கீழ் டிவிஷனுக்கும் இறங்கிய முதல் கிளப் விகன். ஜூனில் மார்ட்டினெஸ் எவர்டனுக்குப் போய்விட்டார்.

கோப்பைக்குப் பதில் பிரீமியர் லீக் இடத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா என்று பணக்கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. கோப்பை ஆட்டத்தில் முக்கியமான ஆட்களுக்கு ஓய்வு கொடுத்து, ஆர்சனலுக்குத் தயாராகியிருக்கலாமாம். காகிதத்தில் சரி. ஆனால் 80 ஆண்டு வரலாற்றில் முதல் பெரிய கோப்பை எதிரில் நிற்கும்போது, இரண்டாம் அணியை இறக்கும் பயிற்சியாளர் மறுநாள் அந்த ஊர்த் தெருவில் நடக்க முடியுமா? நம் பக்கம் என்றால் நிச்சயம் முடியாது.

நம் மைதானத்தில்

மெக்மனமன் நிற்கிற மாதிரி ஒருவனை மேலே விட்டுவைக்க வேண்டும் என்றால், மீதிப் பேர் அவனுக்கு பந்து போய்ச் சேரும்படி அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மே மாதம் பாம்பன் பக்கம் கச்சான் காற்று கிளம்பிவிடும். உயரமாக அடித்த பந்து எங்கே விழும் என்று அடித்தவனுக்கே தெரியாது. ஆகவே எங்களுக்குத் தரைப்பந்துதான், மணலில் உருளுமோ உருளாதோ. காற்றுக்கு எதிரான பாதியில் விங்கர் இன்னும் பத்து அடி உள்ளே வந்து நிற்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

கார்னரிலும் காற்றைக் கணக்கில் வைக்க வேண்டும். தூரத்துக் கம்பத்துக்குத் தூக்கினால் பந்து வெளியே அலைந்து போகும். கிட்டத்துக் கம்பத்துக்குத் தாழ்வாக, வேகமாக அடித்தால் காற்றுக்கு வேலை குறைவு. மலோனி அடித்த மாதிரிப் பந்துதான் இங்கே உகந்தது. எதிரணி கார்னரின்போது கிட்டத்துக் கம்பத்தில் நிற்பவன் பந்தைப் பார்க்காமல், ஓடி வருகிறவனின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு அவன் நகரும்போதே நகர வேண்டும். இதற்கென்று மாலைப் பயிற்சியில் தனி நேரம் ஒதுக்கியாகிவிட்டது.

பையன்களில் ஒருவன் 2018 பிப்ரவரி ஆட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து வந்துவிட்டான். அப்போது விகன் மூன்றாம் டிவிஷனில். எதிரே, அந்த சீசனில் 100 புள்ளி எடுத்து லீக் ஜெயித்த, பயிற்சியாளர் குவார்டியோலாவின் சிட்டி. அதிலும் 1-0, வில் கிரிக் கோல். "அன்னைக்கு விகன் பூராப் பேரும் பின்னாலதான நின்னாங்க, அண்ணே? பந்து முழுக்க அவங்ககிட்டயேதான இருந்துச்சு?" உண்மைதான். முதல் பாதி முடிவில் சிட்டியின் டெல்ஃப் சிவப்பு அட்டை வாங்கியதும், 79வது நிமிடத்தில் கைல் வாக்கர் விட்டுவிட்ட பந்தில் கோல் விழுந்ததும் சேர்ந்துதான் அந்த வெற்றி. எதிரி தப்பு செய்யும் வரை காத்திருந்து கிடைத்த வெற்றிக்கும், எதிரியைத் தப்பு செய்ய வைத்து வாங்கிய வெற்றிக்கும் வித்தியாசம் உண்டு என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை அந்த ஆட்டத்தையும் முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாதத்தைத் தொடர்வதாக ஏற்பாடு.